பொட்டு வைத்த ஆன்டிமனி

1

தீபாவளியன்று காலை ஏழு மணிக்கு டென்மார்க்கில் விடிந்தும் விடியாமலும் இருக்கும். நான் இந்த நாட்டுக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது. ஒரு தீபாவளிக்குக்கூட லீவு கேட்டதில்லை. கேட்டால் தாராளமாகக் கொடுப்பார்கள். கூடவே, அது என்ன பண்டிகை, ஏன் கொண்டாடுகிறீர்கள் என்று உண்மையான அக்கறையோடு விசாரிப்பார்கள். என் டேனிஷில் நரகாசுரனைப் பிறக்க வைத்து, வளர்த்து, கொன்று முடிப்பதற்குள் பண்டிகையே போய்விடும். அதனால் வாயை மூடிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவேன்.

இந்த வருடம் நினைத்திருந்தாலும் லீவு எடுத்திருக்க முடியாது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு பெரிய வளையத்துக்குள் எலக்ட்ரான்களைச் சுற்ற விட்டு, அதிலிருந்து கிளம்பும் ஒளியைப் பல குழுக்களுக்கு முறை வைத்துப் பங்கிட்டுக் கொடுப்பார்கள். ஒரு குழுவுக்கு ஒரு வாரம். தவறவிட்டால் அடுத்த முறைக்கு அரை வருடம் காத்திருக்க வேண்டும். எங்கள் முறை சரியாகத் தீபாவளி வாரத்தில் வந்து விழுந்தது.

ஸ்ரீரங்கத்திலிருந்து அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே பட்டாசு, பலகாரம் எல்லாம் முடிந்து வெயில் ஏறியிருந்தது. அக்கா உத்திர வீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். எதையும் சுற்றி வளைத்துப் பேச மாட்டாள்.

"எண்ணெய் தேச்சுக் குளிச்சியாடி?"

"இந்த வாரம் எண்ணெய் கூடாதுக்கா. மிஷினுக்கு ஆகாது."

"மிஷினுக்கு ஆகாதுன்னா மிஷினுக்குத் தேய்க்காத. உன் தலைக்குத் தேய்."

பதினைந்து வயதாகும் என் மகள் இனியா அதைக் கேட்டுச் சிரித்தாள். பிறகு போனைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் பெரியம்மாவிடம் தானாகப் பேசுவதே அபூர்வம் என்பதால் நான் காதைத் தீட்டிக்கொண்டு காபி கலந்தேன்.

"பெரியம்மா, உங்க ஜெராக்ஸ் மிஷினுக்குப் பொட்டு வெச்சு போட்டோ அனுப்புனீங்கல்ல? அது எதுக்கு?"

"நமக்குச் சோறு போடுதுல்ல கண்ணு. அதுக்கு ஒரு மரியாதை பண்ண வேண்டாமா?"

"எல்லாரும் பண்ணுவாங்களா?"

"தொழில் பண்ற எல்லாரும் பண்ணுவாங்க. லாரிக்காரர், தையக்காரர், எல்லாரும்."

அந்தப் போட்டோ போன மாதத்து ஆயுத பூஜையில் எடுத்தது. அதை அக்காவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

2

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை இதுவரை யாருக்கும் ஒழுங்காகச் சொல்லிப் புரிய வைத்ததில்லை. வசிப்புரிமை புதுப்பிக்கப் போன இடத்தில் ஒரு பெண் அதிகாரி தொழில் என்னவென்று கேட்டார். உலோகங்களின் மேற்பரப்பு என்றேன். ரொம்ப நல்லது என்று சொல்லி எதையோ தட்டினார். அடுத்த மாதம் பெயின்டர்கள் சங்கத்திலிருந்து உறுப்பினராகச் சேரச் சொல்லி அழைப்பு வந்தது. என் கணவர் ராஜா தொட்டியத்துக்காரர், வாழைத் தோட்டத்துப் பிள்ளை. வீட்டுச் சுவர் ஒன்று வெளுத்துப் போயிருப்பதைக் காட்டி, "உறுப்பினர் கொஞ்சம் கவனிக்கணும்" என்று ஒரு வாரம் என்னை ஓட்டினார்.

திருச்சிக்காரர்களுக்கு மட்டும் என்னால் சொல்லிவிட முடியும். தீபாவளிக்கு முதல் நாள் கடைக்கூட்டம் நெரியும் என்.எஸ்.பி. ரோட்டில் நடந்திருப்பீர்கள். நீங்கள்தான் எலக்ட்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களை இரண்டு விஷயம் தடுக்கும். ஒன்று, நடு ரோட்டில் நிறுத்தியிருக்கும் தள்ளுவண்டிகள். அவை காலையிலும் அங்கேதான் இருக்கும், மாலையிலும் அங்கேதான் இருக்கும். இரண்டாவது, கூட்டத்தின் உதைப்பு. காலையில் லேசாக இருக்கும். பொழுது ஏற ஏறக் கூடிக்கொண்டே போகும்.

உலோகத்திலும் இதே கதைதான். தள்ளுவண்டி என்பது அழுக்கு, அதாவது இடம் மாறி உட்கார்ந்திருக்கும் வேற்று அணு. கூட்டம் என்பது உலோகத்தின் சொந்த அணுக்கள். அவை நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். சூடு ஏறினால் ஆட்டம் கூடும். அந்த ஆட்டத்துக்குத்தான் ஃபோனான் என்று பெயர். எலக்ட்ரானை அது எவ்வளவு பலமாக உதைக்கிறது என்று அளப்பதுதான் என் பிழைப்பு.

நாங்கள் அளப்பது ஆன்டிமனியில். பழைய நாட்டு மருந்துக் கடைகளில் கண்ணுக்கு மை செய்ய அஞ்சனக்கல் என்று கொடுப்பார்களே, அதற்குள் ஒளிந்திருக்கும் உலோகம். அதன் மேற்பரப்பில் ஓடும் எலக்ட்ரான்கள் ஒரு தனி ஜாதி. தள்ளுவண்டியில் முட்டினால் வளைந்து ஒதுங்கிப் போகுமே தவிர, வந்த வழியே திரும்பி ஓடாது. இன்னொரு அதிசயமும் உண்டு. மேற்பரப்பைச் சுரண்டினாலும் உடைத்தாலும் அந்தப் பாதை அழியாது. உடைத்த இடத்தில் புதிதாக ஒரு மேற்பரப்பு வரும், அதன் மேலும் அதே பாதை இருக்கும். ஏனென்றால் அதை அங்கே வைத்திருப்பது மேற்பரப்பு அல்ல, உள்ளே இருக்கும் உலோகம்.

எங்கள் ஆய்வுக் கட்டுரையைப் பத்திரிகைக்காகச் சரிபார்த்த நடுவர் ஒருவர் அதைத் திருப்பி அனுப்பியிருந்தார். நீங்கள் அளந்தது அணுக்களின் உதைப்பு அல்ல, சூடேற்றும்போது மெல்ல மெல்லப் படிந்த அழுக்கு என்பது அவர் வாதம். என்.எஸ்.பி. ரோடு பாஷையில் சொன்னால், மாலையில் கூட்டம் கூடவில்லை, தள்ளுவண்டிகள்தான் கூடின என்கிறார். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். அந்த மரியாதையில் எனக்கு இரத்தம் கொதித்தது.

என் மாணவன் காஸ்பரின் முனைவர் பட்டம் முழுக்க அந்தக் கட்டுரையில் தொங்கிக்கொண்டிருந்தது. குளிர்காலம் முடிவதற்குள் அவனுடைய ஆய்வுக் காலம் முடிகிறது. இந்த ஒரு வாரத்துக்குள் நடுவருக்குப் பதில் கிடைக்காவிட்டால் அவன் வெறுங்கையோடு போக வேண்டியதுதான். எங்களிடம் மிச்சம் இருந்தது இரண்டே இரண்டு படிகங்கள்.

3

இந்த ஊரில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு வாரம் ஏதாவது ஒரு வேலையிடத்துக்கு அனுப்புவார்கள். இனியா முதலில் ஒரு மிருக மருத்துவமனைக்கு எழுதினாள். பதில் இல்லை. பிறகு ஒரு கேக் கடை. அங்கே ஏற்கெனவே ஆள் எடுத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் என்னிடம் வந்தாள். எனக்கு இதில் வருத்தமே கிடையாது. மாட்டுக்கும் கேக்குக்கும் அடுத்து மூன்றாவது இடம் அம்மாவுக்குக் கிடைத்ததே பெரிய விஷயம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் என்னோடு ஒரு வாரம் வருகிறாள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு மூன்று வருடமாகவே அவள் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டிருக்கிறாள். நான் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் வரும். கடையில் நான் டேனிஷ் பேசினால் கடைக்காரர் ஆங்கிலத்தில் பதில் சொல்வார், இவள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். திட்டினால்கூடத் தேவலை, அந்தத் தரையைப் பார்ப்பதுதான் எனக்குத் தாங்காது.

முதல் நாள் அவளுக்கு விதிகளைச் சொன்னேன். நாங்கள் அளப்பது ஒரு எஃகுக் கலத்துக்குள். அதிலிருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிடுவோம். ஒரே ஒரு விரல்ரேகை உள்ளே போனால் போதும், அந்த எண்ணெய்ப்பசை நாள்கணக்கில் வாயுவாகக் கசிந்து எல்லாவற்றையும் கெடுக்கும். அதனால் கையுறை, தலைக்கு வலை. உள்ளே போகிற சாமானைத் தரையில் வைக்கக் கூடாது. தொட்ட கையால் முகத்தைத் தொட்டால் கையுறையை மாற்ற வேண்டும்.

"மடி" என்றான் காஸ்பர்.

இந்தச் சொல்லை ஒரு காலத்தில் நான்தான் விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்தேன். குளித்துவிட்டு, துவைத்த துணி உடுத்தி, யார் மேலும் படாமல் சமைக்கும் ஆசாரம் எங்கள் தெருவில் உண்டு, ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவளுக்கு வெற்றிடக் கலம் ஒன்றும் புதிதில்லை என்று பெருமையடித்திருக்கிறேன். அன்றிலிருந்து எங்கள் கூடத்தில் சுத்தமான ஸ்பேனர் மடி ஸ்பேனர். கீழே விழுந்த நட்டு மடி போன நட்டு. இத்தாலியிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர் அதை டேனிஷ் சொல் என்றே நினைத்துக்கொண்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்.

இனியா மளமளவென்று பழகிக்கொண்டாள். கலத்துக்கு அலுமினியத் தாள் சுற்றினாள். படிகத்தை ஒட்டி வைக்கும் சின்னஞ்சிறு தாங்கிகளைக் கழுவி, தட்டில் வரிசையாக அடுக்கினாள். கையுறை போட்ட அவளுடைய விரல்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

4

தீபாவளியன்று முதல் படிகத்தை, கலத்துக்கு வாசல் போலிருக்கும் முன்னறைக்குள் வைத்துக் காற்றை உறிஞ்ச ஆரம்பித்தோம். வழக்கமாக அழுத்தம் சரசரவென்று இறங்கும். அன்று பாதி வழியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது. காத்திருந்திருக்க வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை. போதும், உள்ளே தள்ளு என்றேன்.

படிகத்தின் தலையில் ஒரு குச்சியைப் பசை போட்டு ஒட்டியிருப்போம். கலத்துக்குள் போன பிறகு வெளியிலிருந்து ஒரு கைப்பிடியைத் தள்ளிக் குச்சியைத் தட்டிவிட்டால், மேல் அடுக்கு அப்படியே பிய்ந்து வரும். அடியில் யாரும் தொடாத புது முகம் இருக்கும். தட்டினோம். திரையில் எலக்ட்ரானின் பாதை ஒரு பளிச்சென்ற மெல்லிய கோடாக வர வேண்டும்; தடை கூடக் கூட அது தடிக்கும். தடித்த பென்சிலால் குழந்தை கிறுக்கியது மாதிரி வந்தது.

"அழுக்கு" என்றான் காஸ்பர். அவன் முகம் செத்துப்போயிருந்தது. ஆனாலும் பிடிவாதக்காரன். வந்ததை அளப்போம் என்று உட்கார்ந்துவிட்டான். கடுங்குளிரிலிருந்து தொடங்கி, படிப்படியாகச் சூடேற்றி, மாலை வரை அந்தத் தடித்த கோட்டை அளந்து தீர்த்தோம்.

மறுநாள் காலை தாங்கியை வெளியே எடுத்தோம். காஸ்பர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். அடிப்பக்கத்தில், ஒரு மிளகு அளவுக்கு, அழகாக வட்டமாக ஒரு குங்குமப் பொட்டு இருந்தது.

"நான்தான் வெச்சேன்" என்றாள் இனியா தமிழில். "தீபாவளிக்கு. பெரியம்மா எல்லாரும் வெப்பாங்கன்னு சொன்னாங்கல்ல. கையுறை போட்டுட்டுதான் வெச்சேன்."

குங்குமம் என்றால் மஞ்சளும் சுண்ணாம்பும். அதைத் தண்ணீரில் குழைத்து வைத்திருக்கிறாள். உலகத்திலேயே அதிகச் செலவில் சுத்தம் செய்யப்பட்ட ஒரு தாங்கியின் மேல்!

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. உன்னை யார் தொடச் சொன்னது என்று வாயைத் திறந்துவிட்டேன். பாதி வாக்கியத்தில் நின்றேன். அந்தக் குரல் என்னுடையது இல்லை, எனக்கு நன்றாகத் தெரிந்த வேறு ஒருவருடையது. ஆனால் திறந்த வாய் திறந்ததுதான். இனியா கையுறையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு கான்டீன் பக்கம் போனாள்.

5

எதிரில் போய் உட்கார்ந்தேன். முன்னால் இருந்த ரொட்டியை அவள் தொடவில்லை. மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக அந்தக் குரல் யாருடையது என்று சொன்னேன்.

அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. நாங்கள் ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமி வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். மாமி நல்லவர். அக்காரவடிசல் செய்தால் எனக்கும் அக்காவுக்கும் வராமல் இருக்காது. ஆனால் முற்றத்தில் உயரக் கொடியில் உலரும் அவருடைய மடிப்புடவை மேல் எங்கள் விரல் பட்டுவிடக் கூடாது. எட்டு வயதில் ஒரு நாள், தலைக்குக் குளித்து, புதுப் பாவாடை கட்டி, அதைக் காட்டலாம் என்று ஓடினேன். தொங்கிய முந்தானை என் தலையில் உரசியது.

"தொட்டுட்டியேடி! உன்னை யார் தொடச் சொன்னா?"

திட்டு அவ்வளவுதான். பிறகு ஒன்பது கஜத்தையும் கிணற்றடிக்குக் கொண்டுபோய் மறுபடி நனைத்தார். நான் நின்று பார்த்தேன். அப்போதுதான் குளித்த நான் எப்படி அழுக்கானேன் என்று எனக்கு விளங்கவே இல்லை. மாமி மேல் கோபம் வரவில்லை. என் கையைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனியா முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினாள். "அதே மடியைத்தான் நீ காஸ்பருக்குச் சொல்லிக் கொடுத்தியா?"

"ஆமா."

"சிரிச்சுக்கிட்டே?"

"ஆமா."

எனக்கு முகம் சுட்டது. ஒரு கேலி வார்த்தையாக அதை மாற்றிவிட்டால் அதன் பல்லைப் பிடுங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

"எழுந்திரு. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. நீதான் தட்டப் போற" என்றேன்.

காஸ்பரிடம் சொன்னபோது அவன் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தான். கடைசிப் படிகம். தட்டுவது ஒரே முறை. அழுத்தினால் படிகமே பெயர்ந்து கலத்துக்குள் விழுந்துவிடும், தயங்கினால் குச்சி மட்டும் கழன்று வரும். இருபது வருடமாகச் செய்கிற எனக்கே சில சமயம் தப்பும். பட்டம் அவனுடையது, அதனால் அவன் சம்மதத்தைக் கேட்டேன். அவன் இனியாவைப் பார்த்து டேனிஷில், "பொட்டு எல்லாம் முடிந்ததா, இல்லை பாக்கி இருக்கிறதா?" என்றான். அவள் சிரித்துவிட்டாள். பிறகு புதுக் கையுறைப் பெட்டியை அவனே அவளிடம் நீட்டினான்.

இந்த முறை அழுத்தம் ஒழுங்காக இறங்கும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். இனியா கைப்பிடியைப் பிடித்தாள். நான் அவள் கை மேல் என் கையை வைக்கவில்லை. வைக்காமல் இருப்பதற்கு என் இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் போட வேண்டியிருந்தது.

தட்டினாள். குச்சி பறந்தது. கண்ணாடி ஜன்னல் வழியே பார்த்தோம். படிகத்தின் முகம் முகம் பார்க்கும் கண்ணாடியாக மின்னியது. காஸ்பர் டேனிஷில் ஏதோ சொன்னான். எனக்குத் தெரிந்தவரை அது வேலையிடத்தில் சொல்லக் கூடாத வார்த்தை.

6

அடுத்த நாள் முழுக்க அதே வெப்பநிலைகளில் அளந்தோம். இந்தக் கோடு ஊசி மாதிரி மெலிந்திருந்தது. சூடேற்றியபோது கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்தது. சூடு ஏற ஏறக் கோடு எவ்வளவு தடித்தது என்று, காஸ்பர் இரண்டு படிகங்களின் அளவுகளையும் ஒரே வரைபடத்தில் போட்டான். நான் அந்த நேரம் பார்த்துத் தேநீர் போட எழுந்தேன், உட்கார்ந்து பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

"வந்து பாருங்கள்" என்று அவன் கூப்பிட்ட குரலிலேயே ஏதோ இருந்தது.

திரையில் இரண்டு சாய்வுக் கோடுகள். பொட்டு வைத்த படிகத்தின் கோடு மேலே, சுத்தமானதன் கோடு கீழே. சாய்வு ஒன்றேதான், ரயில் தண்டவாளம் போல ஓடின. அழுக்கு இருந்தால் கோடு உயர்கிறது, அவ்வளவுதான். சூடேற்றும்போது படிந்த அழுக்குதான் காரணம் என்றால் இரண்டும் ஒரே சாய்வில் ஏறியிருக்காது. தள்ளுவண்டிகள் காலையிலிருந்தே நின்ற ரோட்டிலும், வண்டியே இல்லாத ரோட்டிலும், பொழுது ஏற ஏறக் கூட்டம் ஒரே அளவில்தான் கூடியிருக்கிறது. நாங்கள் அளந்தது அணுக்களின் உதைப்புதான். நடுவருக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. நாங்களாகத் திட்டமிட்டிருந்தால் ஒரு நல்ல படிகத்தை அழுக்காக்க எங்களுக்கு மனசு வந்திருக்காது.

காஸ்பர் நாற்காலியோடு மூன்று சுற்று சுற்றினான். கட்டுரையில் அழுக்கு எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டுமே என்றான். மஞ்சளும் சுண்ணாம்பும் என்று எழுது என்றேன். யார் வைத்தது என்றும் எழுதுவேன் என்று இனியாவின் பெயரை எழுத்துக்கூட்டச் சொல்லி வாங்கிக்கொண்டான். நான் மூக்கைச் சிந்தினேன். ஆய்வுக்கூடத்தில் அதற்கும் கையுறை மாற்ற வேண்டும்.

எல்லாரும் ஏன் இப்படிக் குதிக்கிறார்கள் என்று இனியாவுக்குப் புரியவில்லை. தள்ளுவண்டியிலிருந்து ஆரம்பித்து அவளுக்குச் சொன்னேன், முழுக்கத் தமிழில். அவள் குறுக்கே குறுக்கே கேட்டாள், அதுவும் தமிழில். இடையில் நிறுத்தி அதைக் கவனித்தேன் என்று காட்டிக்கொண்டால் பறந்துவிடும் என்று பயந்து, மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போனேன்.

"அப்போ என் பொட்டு பட்டும் அந்தப் பாதை அழியலையா?"

"மேல கொஞ்சம் கலங்குச்சு. பாதை அழியலை."

"வேற யாராவது தொட்டா?"

"யார் தொட்டாலும் போகாது. காந்தம் மாதிரி ஏதாவது வந்து ஒட்டுனாத்தான் வம்பு. மத்தபடி அது உள்ளேர்ந்து வர்றது, வெளியில தொட்டாப் போகாது."

அவள் திரையில் ஓடிய இரண்டு கோடுகளின் மேலும் விரலை ஓட்டினாள்.

"அப்போ அந்த மாமி எதுக்கும்மா அவ்வளவு பயந்தாங்க?"

மேற்பரப்பைப் பற்றி யார் எது கேட்டாலும் சொல்கிறவள் நான். கையுறையைக் கழற்றிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.